ஆம்ப் போர்டு எரிந்தால் எங்கிருந்து தேடுவது? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) பாடவில்லை என்றதும் பலரும் செய்வது ஒன்றுதான். மூடியைக் கழற்றுவார்கள், கறுத்துப்போன டிரான்சிஸ்டரைக் கண்டுபிடிப்பார்கள், அதே எண்ணில் இன்னொன்று வாங்கிவந்து பற்றவைத்துவிட்டு சுவிட்சைத் தட்டுவார்கள். சில நொடிகளில் அதுவும் ‘டப்’. இரண்டாவது முறை போடும்போது டிரைவரும் (அவுட்புட்டை இயக்கும் முந்தைய டிரான்சிஸ்டர்) சேர்ந்து போகும். பாகங்களுக்குக் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் புது போர்டே வாங்கியிருக்கலாம் என்று தோன்றும்.

அவுட்புட் டிரான்சிஸ்டர், அதாவது ஸ்பீக்கரை ஓட்டும் அந்தப் பெரிய டிரான்சிஸ்டர், பழுது போய் முடிகிற இடம். தொடங்கிய இடம் பெரும்பாலும் அதற்கு முன்னால் எங்கோ இருக்கும்: திறந்துபோன (உள்ளே இணைப்பு அறுந்த) ஒரு ரெசிஸ்டர், கழன்று தொங்கும் பயாஸ் டிரான்சிஸ்டர் (பாட்டு இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடும் சிறு கரண்டைக் கட்டுப்படுத்துவது), கிழிந்த மைக்கா (கரண்டைத் தடுத்து வெப்பத்தை விடும் மெல்லிய தாள்), ஷார்ட் ஆன ஸ்பீக்கர் வயர். அதைப் பிடிக்காமல் டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால், புதியதும் பழையது போன வழியிலேயே போகும். அளந்து பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது, காரணம் தெரியாமல் மெயின்ஸ் கரண்டை நேரடியாகக் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

உதாரணத்துக்கு நம்மூர் அசெம்பிள் செட்டுகளில் அதிகம் காணப்படும் போர்டையே எடுத்துக்கொள்வோம். சி5200, ஏ1943 ஜோடி போட்ட ஸ்டீரியோ போர்டு, 24-0-24 டிரான்ஸ்ஃபார்மர். டிடிஏ2030 போன்ற ஐசி போர்டுகளைப் பற்றிப் பிறகு தனியாகச் சொல்கிறேன்.

மேசையில் இருக்க வேண்டியவை

டயோடு சோதனை உள்ள ஒரு மல்டிமீட்டர் போதும். ஆசிலாஸ்கோப் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் இங்கே சொல்லப்போகும் வேலைகள் எல்லாம் மீட்டரிலேயே முடிந்துவிடும். சின்ன பாகங்களுக்கு 25 வாட் சால்டரிங் அயர்ன், பவர் டிரான்சிஸ்டர் கால்களுக்கும் போர்டிலுள்ள தடிமனான கிரவுண்டு செம்புப் பாதைகளுக்கும் 60 வாட். ஈயம் உறிஞ்சும் பம்ப், நல்ல பேஸ்ட், ஹீட் சிங்க் காம்பவுண்டு, சில மைக்கா தாள்கள், அவ்வளவுதான்.

இவற்றை எல்லாம் விட முக்கியமானது சீரியஸ் லேம்ப். பிளக் பாயிண்டுக்கு வரும் ஃபேஸ் (லைவ்) வயரை நடுவில் வெட்டி, அங்கே ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடராகச் சேர்த்தால் சீரியஸ் போர்டு தயார். எல்இடி பல்பு இந்த வேலைக்கு ஆகாது. இழை பல்புதான் வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்து கரண்டைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும். 230 வோல்ட்டில் 100 வாட் பல்பு ஏறக்குறைய 0.43 ஆம்பியருக்கு மேல் விடாது, அதனால் போர்டு பிழைத்துக்கொள்ளும். பழுதில்லாத ஆம்ப் என்றால், போட்டவுடன் ஃபில்டர் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகும் அந்த நொடியில் பல்பு பளிச்சென்று எரிந்து, பிறகு மங்கி இழை லேசாகச் சிவந்தோ முற்றிலும் அணைந்தோ நிற்கும். இந்தப் பளிச்-மங்கல் காட்சியைப் பழுதில்லாத ஒரு செட்டில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பழுதான செட்டில் என்ன மாறுகிறது என்பது அப்போது சட்டெனத் தெரியும்.

இன்னொன்று, கெப்பாசிட்டரை டிஸ்சார்ஜ் செய்ய 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டரில் இரண்டு வயர் வைத்த ஒரு சின்ன கருவி. 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மேல் நான்கைந்து நொடி வைத்தால் காலியாகிவிடும். ஸ்க்ரூடிரைவரை வைத்து ‘படக்’கென்று ஷார்ட் செய்யும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. பாதையைப் பிய்த்துவிடும், கெப்பாசிட்டருக்கும் நல்லதல்ல. டிஸ்சார்ஜ் செய்த பிறகும் மீட்டரில் ஒருமுறை பார்த்துவிட்டே கை வையுங்கள்.

சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் சப்ளையில் ஓடும் செட் என்றால், அந்த சப்ளையின் மெயின்ஸ் பக்கம் 300 வோல்ட்டுக்கு மேல் டிசி நிற்கும். புதியவர்கள் அந்தப் பகுதியைத் தொடாமல் இருப்பதே மேல்.

முதலில் கண், மூக்கு, அப்புறம் மீட்டர்

போர்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். தலை உப்பிய கெப்பாசிட்டர், அடியில் கசிந்த பழுப்புத் திரவம், கறுத்த ரெசிஸ்டர், பழுப்பேறிய போர்டு, உருகிய வயர் உறை. பிறகு ஈயப் பக்கம். கனமான பாகங்களின் கால்களைச் சுற்றி, அதாவது பெரிய கெப்பாசிட்டர், கனெக்டர், வால்யூம் கண்ட்ரோல், ஹீட் சிங்கில் பிடித்த டிரான்சிஸ்டர் ஆகியவற்றில், ஈயத்தில் மெல்லிய வளையம் போல் ஒரு விரிசல் தெரிகிறதா என்று பாருங்கள். அதுதான் ட்ரை சால்டர். செட்டைத் தட்டினால் பாடும், விட்டால் நிற்கும் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் செட்டுகளில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். பழைய ஈயத்தின் மேலேயே புது ஈயம் வைக்காமல், உறிஞ்சி எடுத்துவிட்டு, காலைச் சுரண்டிச் சுத்தம் செய்து, புதிதாக வையுங்கள்.

ஒரு தடயம் மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். அவுட்புட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே 10 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக இருக்கும். அந்த 10 ஓம் கருகியிருந்தால் ஆம்ப் காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண்ணில் ஆசிலேட் ஆகியிருக்கிறது (இன்புட் இல்லாமலே தானாக அதிர்ந்திருக்கிறது) என்று பொருள். ரெசிஸ்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் மறுபடியும் கருகும். வோல்டேஜ் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டரின் (டிரைவருக்கு முந்தைய கட்டம்) பேசுக்கும் கலெக்டருக்கும் இடையே உள்ள சின்ன பிகோஃபாரட் கெப்பாசிட்டர், கிரவுண்டு வயர் போகும் வழி, இன்புட் வயரும் ஸ்பீக்கர் வயரும் ஒன்றாகச் சுற்றிக் கட்டப்பட்டிருக்கிறதா என்பது, இவற்றையெல்லாம் பார்க்க வேண்டும்.

ஃப்யூஸ் போயிருந்தால் எப்படிப் போயிருக்கிறது என்று கவனியுங்கள். கண்ணாடிக்குள் கம்பி நடுவில் மட்டும் மெல்ல அறுந்திருந்தால் கொஞ்சம் அதிக கரண்ட், அல்லது வெறும் வயது. கண்ணாடி முழுக்கக் கறுத்து வெள்ளி பூசினாற்போல் இருந்தால் உள்ளே முழு ஷார்ட். இரண்டாவது வகையில் புது ஃப்யூஸ் போட்டுப் பார்ப்பது வீண். ஃப்யூஸுக்குப் பதில் வயர் துண்டு சுற்றிய செட் கைக்கு வந்தால், அதற்குள் ஒரு வரலாறே இருக்கும் என்று எண்ணிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

சப்ளை சரியா?

ஆம்ப் பகுதிக்கு சப்ளை போகும் ஃப்யூஸ்களையோ கனெக்டரையோ கழற்றிவிட்டு, சப்ளையை மட்டும் சீரியஸ் லேம்ப் வழியாக ஓட்டுங்கள். 24-0-24 டிரான்ஸ்ஃபார்மரில் நடு வயருக்கும் ஒவ்வொரு முனைக்கும் இடையே 24 வோல்ட் ஏசி இருக்க வேண்டும். லோடு இல்லாதபோது கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். ரெக்டிஃபயர் (ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் டயோடு) தாண்டி 1.414 மடங்கு, அதாவது பிளஸ் பக்கம் 34 வோல்ட் சுமார், மைனஸ் பக்கமும் அதே அளவு. லோடு இல்லாமல் 36 வரை காட்டினால் பயப்பட வேண்டாம். இரண்டு பக்கமும் ஒன்றுக்கொன்று ஒரு வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். ஒரு பக்கம் 40, மறுபக்கம் 28 என்றால் நடு வயர் எங்கோ கழன்றிருக்கிறது. ஒரு பக்கம் சுத்தமாக இல்லையென்றால் பிரிட்ஜ் டயோடு அல்லது ஃப்யூஸ்.

சப்ளையைத் தனியாகக் கழற்றியும் பல்பு பிரகாசமாகவே எரிந்தால் பிரிட்ஜ், ஃபில்டர் கெப்பாசிட்டர், டிரான்ஸ்ஃபார்மர் மூன்றில் ஒன்று. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வெளியே வரும் செகண்டரி வயர்களைக் கழற்றிப் பாருங்கள். அப்போதும் எரிந்தால் டிரான்ஸ்ஃபார்மர்தான்.

கெப்பாசிட்டர் வலுவிழந்திருந்தால் ஸ்பீக்கரில் ஹம் (‘ம்ம்’ என்ற தொடர் இரைச்சல்) கேட்கும். டிசி லைனில் மீட்டரை ஏசி அளவில் வைத்துப் பார்க்கலாம். பாட்டு இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கெப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள். ஆனால் மலிவான மஞ்சள் மீட்டர்களில் சில ஏசி அளவிலும் டிசியைச் சேர்த்துக் காட்டும். 9 வோல்ட் பேட்டரியை ஏசி அளவில் வைத்துப் பார்த்து, ஒரு பக்கமாக வைக்கும்போது 18, 20 என்று காட்டினால் உங்கள் மீட்டர் அந்த ரகம். அப்படியானால் சிவப்பு முனையோடு தொடராக ஒரு 0.1 மைக்ரோஃபாரட் 250 வோல்ட் கெப்பாசிட்டரைச் சேர்த்து அளந்தால் டிசி உள்ளே வராது.

அவுட்புட் டிரான்சிஸ்டர்களை அளப்பது

பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களை டிஸ்சார்ஜ் செய்தாயிற்று. மீட்டரை டயோடு சோதனையில் வையுங்கள். சி5200-ஐ எழுத்து உங்களைப் பார்த்திருக்கும்படி பிடித்தால் இடமிருந்து வலமாகக் கால்கள் பேஸ், கலெக்டர், எமிட்டர். ஏ1943-க்கும் அதே வரிசைதான்.

சி5200-இல் சிவப்பு முனையைப் பேசில் வைத்து, கறுப்பைக் கலெக்டரிலும் எமிட்டரிலும் மாற்றி மாற்றி வைத்தால் 0.45 முதல் 0.6 வரை காட்ட வேண்டும். முனைகளை மாற்றினால் ஒன்றும் காட்டக் கூடாது. கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே எந்தப் பக்கம் வைத்தாலும் ஒன்றும் காட்டக் கூடாது. ஏ1943-இல் கறுப்பு முனை பேசில் இருக்க வேண்டும், மற்றபடி அதே கதை. கலெக்டர்-எமிட்டர் இடையே மீட்டர் ‘பீப்’ என்று கத்தி 0.00 காட்டினால் அந்த டிரான்சிஸ்டர் போய்விட்டது.

இதெல்லாம் வெளியே எடுத்த டிரான்சிஸ்டருக்கு. போர்டில் இருக்கும்போது அளவுகள் குழப்பும், அதனால் எது இயல்பு என்று தெரிந்திருக்க வேண்டும். கலெக்டர்-எமிட்டர் இடையே ஒரு பக்கம் மட்டும் 0.5 காட்டினால் அது அவுட்புட்டிலிருந்து சப்ளைக்குப் போட்டிருக்கும் பாதுகாப்பு டயோடாக இருக்கலாம். எண் மெல்ல ஏறிக்கொண்டே போனால் ஃபில்டர் கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகிறது. இரண்டும் பழுதல்ல. இரண்டு பக்கமும் அசையாத 0.00 மட்டுமே ஷார்ட்.

இப்போது புதியவர்கள் தடுமாறும் இடத்துக்கு வருவோம். ஒரு சேனலில் மூன்று சி5200 இணையாக இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் அளந்தால் மூன்றுமே ஷார்ட் என்று காட்டும். உண்மையில் ஒன்றுதான் போயிருக்கும். எமிட்டர்களுக்கு இடையே இருப்பவை 0.22 ஓம் சிமென்ட் ரெசிஸ்டர்கள்தான். மீட்டர் கண்ணுக்கு அவை வெறும் வயர். அதனால் ஒவ்வொரு வெள்ளை சிமென்ட் ரெசிஸ்டரின் ஒரு காலையும் போர்டிலிருந்து தூக்கிவிட்டு, பிறகு ஒவ்வொரு டிரான்சிஸ்டரையும் தனித்தனியாக அளந்தால் உண்மையான குற்றவாளி தெரியும். ஒன்று போயிருந்தாலும் அந்தச் சேனலில் சி5200, ஏ1943 இரண்டு பக்கத்தையும் மொத்தமாக மாற்றிவிடுவது என் வழக்கம். தப்பித்தவை பட்ட அடியை வெளியே காட்டாது.

தூக்கிய காலை உடனே கீழே வைத்துவிடாதீர்கள். அந்த சிமென்ட் ரெசிஸ்டரையும் அளந்துவிடுங்கள். வெளியே பளிங்கு மாதிரி வெள்ளையாக, ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருக்கும். 0.22 ஓம் ரெசிஸ்டர் சாதாரண மீட்டரில் 0.4, 0.5 என்று காட்டும். மீட்டர் முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொடவைத்தால் வரும் அளவைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பின்னோக்கி நடப்பது

அவுட்புட் ஷார்ட் ஆனால் அந்தக் கரண்ட் அதோடு நிற்காது. பேஸ் வழியாக டிரைவருக்கு, டிரைவரிலிருந்து அதற்கு முந்தைய கட்டத்துக்கு என்று பின்னோக்கிப் போகும். நீங்களும் அதே வழியில் போக வேண்டும்.

முதலில் அவுட்புட் பேசில் உள்ள சின்ன ரெசிஸ்டர்கள், டிரைவர் எமிட்டர் ரெசிஸ்டர்கள். ரெசிஸ்டர் பெரும்பாலும் திறந்துபோகும், அல்லது மதிப்பு ஏறும், இறங்குவது அபூர்வம். ஆகவே போர்டில் வைத்தே அளக்கலாம்: அச்சிட்ட மதிப்பைவிடக் கூடுதலாகக் காட்டினால் அது கெட்டது. குறைவாகக் காட்டினால் பக்கத்தில் இணையாக வேறு ஏதோ இருக்கிறது, ஒரு காலைத் தூக்கி அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து டிரைவர் டிரான்சிஸ்டர்கள். டிப்41, டிப்42 ஜோடி அல்லது பிடி139, பிடி140 ஜோடி இருக்கும். கால் வரிசையில் கவனம் வேண்டும். டிப்41 எழுத்துப் பக்கம் பார்த்தால் பேஸ், கலெக்டர், எமிட்டர். பிடி139 எமிட்டர், கலெக்டர், பேஸ். கடையில் இல்லை என்று ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைக் கொடுத்தால் அப்படியே மாட்டிவிடக் கூடாது.

அப்புறம் பயாஸ். டிரைவர் இரண்டின் பேசுகளுக்கும் இடையே ஒரு சின்ன டிரான்சிஸ்டரும் ஒரு பிரீசெட்டும் (ஸ்க்ரூடிரைவரால் திருப்பும் சின்ன மாறும் ரெசிஸ்டர்) இருக்கும். எளிய போர்டுகளில் இரண்டு மூன்று டயோடுகளைத் தொடராகப் போட்டிருப்பார்கள். திரும்பத் திரும்ப அவுட்புட் போகும் செட்டுகளில் நான் முதலில் கை வைப்பது இங்கேதான். அந்த டிரான்சிஸ்டர் திறந்துபோனால் மேல் பாதி (பிளஸ் பக்கம்), கீழ்ப் பாதி (மைனஸ் பக்கம்) இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாகக் கரண்ட் விடத் தொடங்கும். பிளஸ்ஸிலிருந்து மைனஸுக்கு நேர் வழி. பிரீசெட்டின் நடு முனை அழுக்கேறித் தொடர்பு விட்டாலும் சில போர்டுகளில் இதே நிலைதான். இன்னொரு விஷயம், பயாஸ் டிரான்சிஸ்டர் ஹீட் சிங்கின் மேல் ஒட்டி அல்லது திருகிப் பிடித்திருக்க வேண்டும். ஹீட் சிங்க் சூடேறும்போது அதுவும் சூடாகி, பயாஸைக் குறைப்பதுதான் அதன் வேலை. யாரோ முன்பு கழற்றிவிட்டு மறுபடி பிடிக்காமல் காற்றில் தொங்கவிட்டிருப்பார்கள். செட் அரை மணி நேரம் நன்றாகப் பாடும், ஹீட் சிங்க் சூடேற ஏற கரண்ட் ஏறும், கரண்ட் ஏற ஏற இன்னும் சூடாகும், பிறகு ஒரு சத்தம்.

கடைசியாக வோல்டேஜ் ஆம்ப்ளிஃபயர் டிரான்சிஸ்டர், இன்புட் ஜோடி (சிக்னல் முதலில் நுழையும் இரண்டு டிரான்சிஸ்டர்கள்). இங்கே 2என்5401, 2என்5551 போன்றவை இருக்கும். இவை 150, 160 வோல்ட் தாங்கும். பார்க்க அதே மாதிரி இருக்கிறதே என்று சி1815-ஐப் போடாதீர்கள். அது 50 வோல்ட்தான் தாங்கும். நம் போர்டில் பிளஸ் முதல் மைனஸ் வரை 68 வோல்ட் இருக்கிறது. தட்டைப் பக்கம் பார்த்தால் 5551-இன் கால்கள் எமிட்டர், பேஸ், கலெக்டர். 1815-இல் எமிட்டர், கலெக்டர், பேஸ். இரண்டு வகையிலும் பொருந்தாது.

ஸ்டீரியோ போர்டு என்பதால் உங்களுக்கு ஒரு பெரிய வசதி உண்டு: நன்றாக இருக்கும் இன்னொரு சேனல். சர்க்யூட் படம் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை. இடது சேனலில் ஓர் இடத்தை அளந்து, வலது சேனலில் அதே இடத்தை அளந்து, தாளில் இரண்டு பத்தியாக எழுதிக்கொண்டே வாருங்கள். எங்கே எண்கள் பிரிகின்றனவோ அதைச் சுற்றித்தான் பழுது.

பாகம் வாங்கும்போது

சி5200, ஏ1943 அசல் டிரான்சிஸ்டர்கள் 230 வோல்ட், 15 ஆம்பியர் தாங்கக்கூடியவை. சந்தையில் பெயரை மட்டும் அச்சடித்த போலிகள் ஏராளம். உள்ளே இருக்கும் சிலிக்கான் துண்டு சின்னதாக இருக்கும். மீட்டரில் நன்றாக அளவு காட்டும், வால்யூமைக் கூட்டினால் போய்விடும். எரிந்துபோனதை வீசிவிடாமல், கட்டிங் பிளையரால் நசுக்கி உடைத்து உள்ளே பாருங்கள். கறுத்த பிளாஸ்டிக்குக்கு நடுவே செம்புத் தகட்டின் மேல் உட்கார்ந்திருக்கும் அந்தச் சதுரத் துண்டு எவ்வளவு பெரியது என்று ஒருமுறை பார்த்துவைத்தால் பின்னால் உதவும். உடைக்கும்போது கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தூசியை ஊதாதீர்கள்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே எண்ணுக்கு மூன்று விலை சொல்வார்கள். விலை மிகவும் குறைவாக இருந்தால் காரணம் இருக்கிறது. செட்டிலிருந்து கழற்றிய பழைய அசல், புதுப் போலியைவிட எவ்வளவோ மேல். ஒரே கடையில் ஒரே லாட்டில் வாங்கினால் இணையாகப் போடும் டிரான்சிஸ்டர்கள் ஓரளவு ஒத்துப்போகும்.

மாட்டுவது

சி5200-இன் பின்பக்க உலோகம் கலெக்டரோடு இணைந்தது, அதாவது சப்ளை நேராக அங்கே நிற்கும். ஹீட் சிங்குக்கும் அதற்கும் இடையே மைக்கா கட்டாயம். பழைய மைக்காவில் ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் தூக்கிப்போடுங்கள். ஹீட் சிங்கில் துளை ஓரத்தில் பிசிர் இருந்தால் தேய்த்து எடுங்கள், அது மைக்காவைக் கிழிக்கும். காம்பவுண்டு இரண்டு பக்கமும் மெல்லிய படலமாக இருந்தால் போதும். அப்பிப் பூசினால் வெப்பம் கடத்துவது குறையும். திருகை இறுக்கிய பிறகு, நடுக் காலுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே மீட்டரை வைத்துப் பாருங்கள். பீப் வந்தால் கழற்றி மறுபடி மாட்ட வேண்டியதுதான். முதலில் திருகை இறுக்கிவிட்டு, பிறகு கால்களைப் பற்றவையுங்கள். மாற்றிச் செய்தால் திருகை இறுக்கும்போது கால் இழுபட்டு பாதை தூக்கிக்கொள்ளும்.

முதல் முறை கரண்ட் கொடுப்பது

ஸ்பீக்கர் வேண்டாம். இன்புட்டைக் கிரவுண்டோடு சேர்த்துவிடுங்கள். பயாஸ் பிரீசெட்டை மிகக் குறைந்த பயாஸ் வரும் பக்கம் திருப்பி வையுங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால், நல்ல சேனலின் பிரீசெட் எப்படி நிற்கிறது என்று பார்த்து அதே நிலையில் வைத்துத் தொடங்கலாம்.

பயம் இருந்தால் இன்னும் ஒரு படி எச்சரிக்கை உண்டு. டிரைவர் எமிட்டரிலிருந்து அவுட்புட் லைனுக்கு ரெசிஸ்டர் போயிருக்கும் போர்டுகளில், அவுட்புட் டிரான்சிஸ்டர்களே இல்லாமல் முதலில் ஓட்டிப் பார்க்கலாம். டிரைவர்கள் மட்டுமே ஃபீட்பேக்கைத் (அவுட்புட்டிலிருந்து இன்புட் ஜோடிக்குத் திரும்பும் சிக்னல்) தாங்கிக்கொள்ளும். அவுட்புட் லைனில் டிசி பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் நின்றால் முன்கட்டங்கள் எல்லாம் சரி என்று அர்த்தம், தைரியமாக விலை உயர்ந்த டிரான்சிஸ்டர்களை மாட்டலாம். இரண்டு டிரைவர் எமிட்டர்களையும் ஒரே ரெசிஸ்டர் இணைத்து, அது அவுட்புட்டைத் தொடாமல் இருக்கும் போர்டுகளில் இந்தச் சோதனை பலிக்காது.

சரி, சீரியஸ் லேம்ப் வழியாக சுவிட்ச் போடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் மூச்சு விடலாம். மங்காமல் எரிந்தால் உடனே அணைத்து, விட்டுப்போன ஷார்ட்டைத் தேடுங்கள்.

பல்பு மங்கிவிட்டால் அவுட்புட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே டிசியை அளந்து பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குக் குறைவு என்றால் நல்லது. 100-க்கு மேல் போனால் இன்புட் ஜோடி ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, அல்லது ஃபீட்பேக் கிரவுண்டில் இருக்கும் 47 அல்லது 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கசிகிறது. 30 வோல்ட் சுமார் காட்டினால் முன்கட்டத்தில் ஏதோ ஒன்று ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. இந்த நிலையில் ஸ்பீக்கரை மாட்டியிருந்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 8 ஓமில் 34 வோல்ட், நான்கு ஆம்பியருக்கு மேல். ஸ்பீக்கர் காயில் கருகும் வாடை வருவதற்குள் வேலை முடிந்துவிடும்.

ஒட்டிக்கொண்டிருப்பது எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொரு சின்ன டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் வோல்டேஜைப் பாருங்கள். வேலை செய்யும் டிரான்சிஸ்டரில் அது 0.55 முதல் 0.7 வரை இருக்கும். ஒரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தச் சந்திப்பு உள்ளே அறுந்திருக்கிறது. பூஜ்ஜியம் என்றால் ஷார்ட், அல்லது அதற்கு ஓட்டம் வரவில்லை. முனை வழுக்கிப் பக்கத்துக் காலைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் முனையின் நுனியில் கொஞ்சம் மட்டும் விட்டு மீதிக்கு இன்சுலேஷன் ஸ்லீவ் போட்டுவைப்பது நல்லது.

பிறகு பயாஸ். டிரைவர் பேசுகள் இரண்டுக்கும் இடையே 2.2 முதல் 2.5 வோல்ட் வரை இருந்தால் இந்த வகை போர்டுக்கு இயல்பு. அதற்கு மேல் நான்கு, ஐந்து என்று போனால் பயாஸ் கட்டம் கெட்டிருக்கிறது. ஒரு 0.22 ஓம் சிமென்ட் ரெசிஸ்டரின் இரு முனையிலும் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, பிரீசெட்டை மெல்ல மெல்லத் திருப்புங்கள். 10 மில்லிவோல்ட் என்றால் அந்த டிரான்சிஸ்டர் வழியாகச் சுமார் 45 மில்லி ஆம்பியர். இந்த போர்டுகளுக்கு அது போதும். எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு லேம்பை நீக்கிவிட்டு நேரடியாகக் கொடுத்து, கால் மணி நேரம் சூடேறவிட்டு மறுபடி அளந்து சரிசெய்யுங்கள். லேம்ப் இருக்கும்போது சப்ளை குறைவாக இருக்கும் என்பதால் அந்த அளவை இறுதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எரியவில்லை, ஆனால் பாட்டும் இல்லை

எல்லாப் பழுதும் புகையோடு வருவதில்லை. சப்ளை சரி, அவுட்புட்டில் டிசி இல்லை, சத்தமும் இல்லை என்றால் சிக்னல் எங்கே நிற்கிறது என்று தேட வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் போட்ட செட்டில், ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தைப் பிடித்துக்கொண்டு வால்யூம் கண்ட்ரோலின் நடு முனையைத் தொட்டால் ஸ்பீக்கரில் ‘பொர்ர்’ என்று வர வேண்டும். வால்யூமைப் பாதியில் வைத்துச் செய்யுங்கள், முழுதாக அல்ல. அங்கே சத்தம் வந்தால் பவர் ஆம்ப் நன்றாக இருக்கிறது, பழுது முன்னால் இருக்கும் டோன் போர்டில் (தொனியைச் சரிசெய்யும் போர்டு).

டோன் போர்டில் பெரும்பாலும் 4558 ஐசி இருக்கும். எட்டாவது காலில் பிளஸ் 12 அல்லது 15, நான்காவது காலில் மைனஸ் அதே அளவு, ஒன்று, ஏழு ஆகிய அவுட்புட் கால்களில் பூஜ்ஜியம். சப்ளை வரவில்லை என்றால் 7812, 7912 ரெகுலேட்டர்கள், அல்லது ஜீனரோடு (வோல்டேஜை நிலையாக நிறுத்தும் டயோடு) வரும் டிராப்பிங் ரெசிஸ்டர். இந்த ரெசிஸ்டர் எப்போதும் சூடாகவே இருப்பதால் அதன் காலில் ஈயம் விடுவது சகஜம்.

ஸ்பீக்கர் புரொடெக்ஷன் ரிலே உள்ள செட்டில், போட்ட சில நொடிகளில் ‘டிக்’ சத்தம் வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் அவுட்புட்டில் டிசி இருக்கிறது என்று ரிலே சொல்கிறது. ரிலேவை பைபாஸ் செய்து பார்ப்போமே என்று ஒரு வயரைப் போட்டால் அடுத்து ஸ்பீக்கரையும் வாங்க வேண்டிவரும். ஒரு சேனல் மட்டும் மெல்லிய வால்யூமில் விட்டுவிட்டுக் கேட்கிறது, கூட்டினால் சரியாகிவிடுகிறது என்றால் ரிலேவின் தொடுமுனைகள் கறுத்திருக்கின்றன. ரிலேவை மாற்றிவிடுங்கள்.

வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரப்பு என்றால் கண்ட்ரோல் தேய்ந்திருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் சில மாதம் காப்பாற்றும், மாற்றுவதே தீர்வு. ஹம் வால்யூமோடு சேர்ந்து கூடினால் இன்புட் ஷீல்டு வயரில் கிரவுண்டு அறுந்திருக்கும். வால்யூம் எப்படி இருந்தாலும் ஒரே அளவில் ஹம் வந்தால் ஃபில்டர் கெப்பாசிட்டர் பக்கம் போங்கள்.

ஐசி போர்டுகள்

டிடிஏ2030 போர்டில் தேட அதிகம் இல்லை. ஒன்றாவது கால் இன்புட், இரண்டு ஃபீட்பேக், மூன்று மைனஸ், நான்கு அவுட்புட், ஐந்து பிளஸ். சப்ளை வருகிறதா, நான்காம் காலில் டிசி இல்லாமல் இருக்கிறதா, இவ்வளவுதான். முதுகுத் தகடு மூன்றாம் காலோடு இணைந்தது. பிளஸ் மைனஸ் சப்ளையில் மைக்கா இல்லாமல் சேசிஸில் பிடித்தால் மைனஸ் சப்ளை கிரவுண்டோடு ஷார்ட்.

ஐசி மாற்றியும் மாற்றியும் போகிறது என்றால் சப்ளையைச் சந்தேகியுங்கள். டிடிஏ2030-க்கு உச்ச அளவு இரு பக்கமும் 18 வோல்ட், டிடிஏ2030ஏ-க்கு 22. 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரே லோடு இல்லாதபோது 17, 18 கொடுக்கும். ராத்திரியில் லைன் வோல்டேஜ் 250-ஐத் தொடும் ஊர்களில் அது எல்லையைத் தாண்டிவிடும். 15-0-15 போட்டிருந்தால் சொல்லவே வேண்டாம். அந்த இடத்தில் 25 வோல்ட் வரை தாங்கும் டிடிஏ2050-ஐப் போடலாம், கால் வரிசை அதேதான்.

டிடிஏ7294 போர்டில் சத்தமே வராவிட்டால் ஐசியைக் குறை சொல்வதற்கு முன் ஒன்பதாவது, பத்தாவது கால்களைப் பாருங்கள். அவை ஸ்டாண்ட்-பை, மியூட். இரண்டிலும் 3.5 வோல்ட்டுக்கு மேல் இருந்தால்தான் ஐசி வாய் திறக்கும்.

ஸ்பீக்கரை மாட்டும் முன்

உங்கள் நல்ல ஸ்பீக்கருக்கு இன்னும் நேரம் வரவில்லை. முதலில் 10 ஓம் 20 வாட் சிமென்ட் ரெசிஸ்டர் ஒன்றை லோடாக வைத்து, குறைந்த வால்யூமில் பாட்டு ஓடவிட்டு, ஹீட் சிங்கைத் தொட்டுப் பாருங்கள். இரண்டு சேனலும் ஏறத்தாழ ஒரே சூட்டில் இருக்க வேண்டும். பாட்டை நிறுத்திய பிறகு ஒரு பக்கம் மட்டும் சூடேறிக்கொண்டே போனால் பயாஸை மறுபடி பாருங்கள், அல்லது ஆசிலேஷனைத் தேடுங்கள். இரண்டும் சரி என்றால் பழைய ஸ்பீக்கர் ஒன்றில் அரை மணி நேரம். கடைசியாக, வாடிக்கையாளர் கொண்டுவந்த ஸ்பீக்கர் வயரையும் பாக்ஸின் பின்பக்க டெர்மினலையும் பிரித்துப் பார்த்து, ஸ்பீக்கரை மீட்டரில் அளந்துவிடுங்கள். 8 ஓம் ஸ்பீக்கர் 6 அல்லது 7 ஓம் காட்டும். 2 ஓமோ அதற்கும் குறைவோ காட்டினால் போர்டு எரிந்ததற்கான காரணம் கையிலேயே இருக்கிறது.